தங்கராஜ் சார் வேலை பார்க்கும் காலேஜ்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். போலாரம் முழுக்கச் சேறு. பி.பி. 150/90. மனைவி எஸ்தரிடம் 130 என்று சொன்னேன்.

டாக்டர் சொல்லித்தான் இந்த டைரி. தினமும் பி.பி. குறித்து வைக்க வேண்டுமாம். வெறும் நம்பர் மட்டும் எழுத நான் என்ன கிளார்க்கா. மற்றதையும் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் இந்த வீட்டில் பயமில்லை. எஸ்தர் இங்கே செகந்திராபாத்தில் பிறந்து தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்புதான், ஆனால் வேதாகமத்தை மூன்று தரம் முழுசாக வாசித்தவன். (இரண்டு தரம். மூன்றாவது தரம் எண்ணாகமத்தில் நின்றுவிட்டது.)

இந்த வார வேலை:
கேஸ் புக் பண்ண.
ஸ்கூட்டர் பின் பிரேக்.
ஷெரின் காலேஜ். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள்.

ஷெரின், தங்கச்சி சுகிர்தாவின் ஒரே மகள். என்ட்ரன்ஸில் ரேங்க் வந்துவிட்டது. சுமாரான ரேங்க். (வெளியே சொல்வது வேறு.) சர்க்கார் வெப்சைட்டில் காலேஜ் பெயர்களை வரிசையாகப் போட வேண்டும். முதலில் போட்ட காலேஜில் இடம் இருந்தால் அங்கேயே சீட். சனி ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள், பிறகு யார் வந்தாலும் மாற்ற முடியாது. அவள் அப்பா, என் மச்சான், மஸ்கட்டில். ஆகையால் வெளியே போய் விசாரிக்கிற பொறுப்பு தாய்மாமனுக்கு. வேறு யார் இருக்கிறார்கள். ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவன் நான். ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. (எருமையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தானாக எழுந்து போய்விட்டது.)

போன மாதம் இரண்டு காலேஜ் பார்த்துவிட்டு வந்தேன். பெயர் எழுத மாட்டேன்.
ப.கா. என்றால் பஸ் காலேஜ். ரா.புரம் தாண்டி, பாம்பே ரோட்டில். பிரைவேட்.
ச.கா. என்றால் சர்க்கார் காலேஜ். சிட்டிக்குள். யுனிவர்சிட்டியுடையது.

ஷெரின் முதலில் ச.கா.வைத்தான் போட்டிருந்தாள். நான் சொல்லி ப.கா. மேலே ஏறியது. என்ன சொன்னேன் என்பதை இங்கே ஒரு தரம் எழுதி வைக்கிறேன், எனக்கே குழம்பாமல் இருக்க.

சொன்னது: ப.கா.வில் கம்ப்யூட்டர் எச்.ஓ.டி.யின் ரூமில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன். பெயர் தங்கராஜ். நம்ம ஆள், ஊர் நாசரேத். டீ வரவழைத்தார். "உங்க பிள்ளை என் பிள்ளை" என்றார்.

நடந்தது: வாட்ச்மேன் பில்டிங்குக்குள் விடவில்லை. கான்டீனில் பிரியாணி. அப்புறம் பஸ் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். இருபத்திரண்டு பஸ். கழுவித் துடைத்து, டயரெல்லாம் புதுசு, கண்ணாடியில் தலை வாரலாம். பஸ்ஸை இப்படி வைத்திருக்கிறவன் பிள்ளைகளை எப்படி வைத்திருப்பான் என்று யோசித்தேன். முடிவு பண்ணிவிட்டேன்.

தங்கராஜை நான் தேடிப் போகவில்லை. சுகிர்தா கேட்டாள், "அங்க நம்ம ஆளு யாராவது இருக்காவளா அண்ணே?" எங்கள் சபையில் எந்தக் காலேஜ், எந்த ஆஸ்பத்திரி என்றாலும் முதல் கேள்வி இதுதான். படிப்பு, வேலை, ஹாஸ்டல் எல்லாம் அதற்கு அப்புறம். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கராஜ் வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. மனைவி டீச்சர். இரண்டு பையன்கள். சிறுநீரகத்தில் கல்.

கல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. நேற்று ஆராதனையில் சுகிர்தா ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். பாஸ்டர் ஐயா வாசித்தார்: "சகோதரர் தங்கராஜ், பேராசிரியர், சிறுநீரகக் கல்." முழுச் சபையும் ஆமென். எனக்கு முதுகு வேர்த்தது.

சாயங்காலம் அவள் வீட்டுப் பக்கம் போனேன். எண்ணெய் வாசனை. சாருக்கு முறுக்கு சுடுகிறாளாம், நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.


ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை. 160/94. உப்பு என்கிறாள் எஸ்தர். உப்பு இல்லை.

பத்து மணிக்கு சுகிர்தா போன், உடனே வா என்று. பக்கத்துத் தெருதான். போனால் ஷெரின் கையில் போனோடு நிற்கிறாள். ஃபிரெண்ட்ஸ் குரூப்பில் யாரோ ப.கா.வின் சர்க்குலரைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வந்தது இல்லை, வாத்தியார்களுக்கு வந்தது. இங்கிலீஷ். ஷெரின் வாசித்து அர்த்தம் சொன்னாள். போன வருஷம் அட்மிஷன் குறைவு, பட்ஜெட் போதாது, அதனால் வாத்தியார்களில் பாதிப் பேர் மறு உத்தரவு வரும் வரை சம்பளமில்லாத லீவில் போக வேண்டும்.

"லே-ஆஃபா?" என்றேன். ஃபேக்டரியில் கேட்ட வார்த்தை.

"நோ மாமா. ஃபர்லோ. வேலை இருக்கும், சம்பளம் நஹி. வீட்டுல இருக்கணும்."

"அப்போ லீவு மாதிரி. ரெஸ்ட்டு. நல்லதுதான."

"கிளாஸ் யார் எடுப்பாங்க?"

இந்தப் பிள்ளை இப்படித்தான். ஒரே ஒரு கேள்வி கேட்கும், கேட்டுவிட்டு நிற்கும்.

சுகிர்தாவின் பயம் வேறு. "அண்ணே, தங்கராஜ் சாருக்கு ஒண்ணும் ஆயிடலயே? அவியளுக்கு உடம்பு வேற சரியில்ல. ஒரு போன் போட்டுக் கேளுங்க."

வாசலுக்கு வந்தேன். போனைக் காதில் வைத்தேன். "வணக்கம் சார், டேனியல் பேசுதேன்." கொஞ்சம் இடைவெளி. "அப்படியா சார்." இடைவெளி. "சரிங்க சார், சரிங்க சார்." சுகிர்தாவின் கோழி ஒன்று தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. உள்ளே போய்ச் சொன்னேன்: இது சின்ன வாத்தியார்களுக்கு மட்டும்தானாம், அவர் டிபார்ட்மெண்டில் ஒரு நாற்காலிகூடக் காலியாகாதாம், அவர் கேரண்டியாம்.

சுகிர்தாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் ஏறியவுடன் ஃபிட்டர்கள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள், ஒருத்தன்கூட ரோட்டைப் பார்க்க மாட்டான். டேனியல் ஓட்டுகிறான் என்று. அதே மாதிரி முகம். அப்போது என் கையில் ஸ்டீயரிங் இருந்தது.

ஷெரின் மட்டும் தூங்கவில்லை. "காலேஜ் வெப்சைட்ல சர்ச் பண்ணேன் மாமா. தங்கராஜ் சார் நேம் வரல."

"பெரிய ஆளுங்க பேரெல்லாம் அதுல போட மாட்டாவ. கூட்டம் வந்துரும்."

எங்கிருந்து இது என் வாயில் வருகிறது என்று எனக்கே தெரியவில்லை.

கேஸ் புக் பண்ணியாகிவிட்டது.


ஜூலை 9, புதன்

மேகம். பி.பி. பார்க்க நேரமில்லை.

முறுக்கு டின்னோடு ப.கா.வுக்குப் போனேன். பட்டான்செரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. நேராக பஸ் ஷெட். முன் வரிசை அப்படியே பளபளப்பு. போன தரம் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இன்றைக்குப் பின்னால் போனேன்.

பின்னால் மூன்று ஸ்டாஃப் பஸ்ஸுக்கு இடம். இரண்டு செத்துக் கிடக்கின்றன. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சிலந்தி வலை. டயரைச் சுற்றிப் புல். பேட்டரிப் பெட்டி திறந்திருக்கிறது, உள்ளே பேட்டரி இல்லை. பேட்டரியைக் கழற்றினால் அந்த பஸ்ஸை எடுக்கிற எண்ணம் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். இதை எனக்கு எந்த எச்.ஓ.டி.யும் சொல்ல வேண்டாம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் காலண்டர், மே மாதத்திலேயே நிற்கிறது. நான் நின்றுகொண்டிருக்கும்போதே மூன்றாவது பஸ் உள்ளே வந்தது. ஐம்பது சீட் பஸ். ஆறு பேர் இறங்கினார்கள். எண்ணினேன். மறுபடி எண்ணினேன், டிரைவரையும் சேர்த்து ஏழு.

கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெலுங்கில் கேட்டான். பழக்க தோஷம், "கம்ப்யூட்டர் தங்கராஜ் சார்" என்று சொல்லிவிட்டேன். அவன் ரிஜிஸ்டரில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தான். தாளைத் திருப்பினான். பாதிப் பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் கோடு. "அவரும் லீவுல போயிருப்பாரு," என்றான், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். இல்லாத மனுஷனையும் லீவில் அனுப்பிவிட்டார்கள்.

ஆபீஸ் ஜன்னலில் ஒருவர். நாற்பது வயது இருக்கும். அயர்ன் பண்ணின சட்டை, கையில் ஹெல்மெட், கழுத்தில் காலேஜ் அட்டை. உள்ளே இருக்கிற பெண்ணிடம் தணிந்த குரலில் தன் சர்டிபிகேட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு வாங்க என்றாள். நேற்றும் அப்படித்தான் சொன்னாளாம். வெளியே வந்தவரை மரத்தடியில் பிடித்தேன். தெலுங்கில் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார்களாம், வாத்தியார் நடு வருஷத்தில் வேறு காலேஜுக்கு ஓடாமல் இருக்க. இப்போது சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. பீரோவைத் திறக்கவில்லை. வேறு இடத்தில் வேலை கேட்கக் கையில் காகிதம் இல்லை.

"அப்போ உங்களை நிறுத்திட்டாங்களா சார்?"

"இல்லையே. நான் இந்தக் காலேஜ் ஸ்டாஃப்தான். வெப்சைட்டுல என் போட்டோ இருக்கு. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா போன் பண்ணுவாங்க, ஷர்ட்டை டக் பண்ணிட்டு வந்து உட்காரணும்."

"கிளாஸ்?"

"எங்க டிபார்ட்மெண்ட்ல ஒன்பது பேர் எடுத்ததை மூணு பேர் எடுக்கறாங்க. ரெண்டு செக்‌ஷனை ஒரே ஹால்ல உட்கார வெச்சு மைக்குல."

என் மருமகளை இங்கே சேர்க்கலாமா என்று கேட்டேன். ஹெல்மெட்டின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு பொண்ணு, பத்தாவது. அவ கேட்டா என்ன சொல்லுவேன்னு யோசிக்கறேன்," என்றார். டின்னை அவர் கையில் கொடுத்துவிட்டேன். எதற்கு என்றார். எங்க வீட்டுல சுட்டது என்றேன்.

திரும்பி வந்து சுகிர்தாவிடம் சொன்னது: சாரைப் பார்த்தேன், முறுக்கு நல்ல மொறுமொறுப்பு என்றார், அவர் ஊர் சாயர்புரத்தில் இப்படித்தான் சுடுவார்களாம்.

எஸ்தர் பக்கத்தில்தான் இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில்: "போன மாசம் நாசரேத், இன்னைக்கு சாயர்புரம். உங்க சாரு ரொம்ப அலையறாரு."

"அம்மா ஊரு நாசரேத், அப்பா ஊரு சாயர்புரம்."

"ஹவ், ஹவ், ஆமாமா. சித்தப்பா ஊரையும் இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் மறந்துடுவீங்க."


ஜூலை 10, வியாழன்

168/100. இதை எஸ்தரே பார்த்துவிட்டாள். மாத்திரையை இரண்டாக்கிவிட்டாள், டாக்டரைக் கேட்காமல்.

ச.கா.வுக்குப் போனேன். பயம் வந்தால் உட்கார முடியவில்லை, எங்கேயாவது போக வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றிப் போன மாதம் சுகிர்தாவிடம் சொன்னது: கேட்டிலேயே ஸ்ட்ரைக், கொடி, கல்லெறி, பொம்பளைப் பிள்ளைகளை அனுப்புகிற இடமா அது. பார்த்தது: ஒரு பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு போர்டு. கல் எதுவும் இல்லை. கெஸ்ட் லெக்சரர்கள். யுனிவர்சிட்டிக்குச் சர்க்கார் பணம் குறைந்துவிட்டதாம். பெர்மனெண்ட் வாத்தியார் ரிட்டையர் ஆனால் அந்த இடத்துக்கு ஆள் போடுவதில்லையாம். இவர்களை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், இவர்களுக்கும் மாதக்கணக்காகச் சம்பளம் வரவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. மதியம் வரை பந்தல் காலி. எல்லாரும் கிளாஸில். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் வந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்கும் அப்படியேதான். வராந்தாவில் நடந்தேன், யாரும் தடுக்கவில்லை. சுவரில் காரை விழுந்திருக்கிறது, பாத்ரூம் நாற்றம். ஒரு ஜன்னலில் ஒரு மேடம் போர்டு நிறைய எழுதிக்கொண்டிருந்தார். அறுபது பிள்ளைகளும் தலை நிமிராமல் எழுதுகிறார்கள். (நாற்பது இருக்கும்.) அடுத்த ரூமில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாத்தியார் இல்லை. அதற்கடுத்த ரூமிலும் இல்லை.

மதியம் அந்த மேடம் டிபன் பாக்ஸோடு பந்தலுக்கு வந்தார். கேட்டேன்.

"கிளாஸை நிறுத்திட்டு இங்க உட்கார்ந்தாத்தானே மேடம் மேல இருக்கறவங்களுக்கு உறைக்கும்?"

"நிறுத்தினா முதல்ல யாருக்கு உறைக்கும்னு பாருங்க," என்று கிளாஸ் பக்கம் கையைக் காட்டினார்.

"அடுத்த வருஷமும் இருப்பீங்களா?"

"ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதுசா கையெழுத்து வாங்கறாங்க. டிசம்பர் வரைக்கும் இருக்கேன்." சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம்.

ஷெரின் படிப்பு நாலு வருஷம். அங்கே ஸ்டாஃப் பஸ்ஸில் ஆறு பேர். இங்கே டிசம்பர் வரைக்கும். பேகம்பேட் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது, டிராஃபிக். பாலத்துக்கு இரண்டு பக்கமும் காலேஜ் விளம்பரப் பலகைகள். கோட்டு போட்ட பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எல்லாருக்கும் வேலை என்று எழுதியிருக்கிறது. ஒன்றிலாவது வாத்தியார் படம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஸ்டீயரிங் இல்லாத கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

நாளை எப்படியும் சுகிர்தாவிடம் சொல்லிவிட வேண்டும்.


ஜூலை 11, வெள்ளி

காலையில் சொல்லப் போகவில்லை. ஸ்கூட்டர் பிரேக் பார்க்கப் போனேன்.

பதினொரு மணிக்கு ஷெரின் போன். "மாமா, மம்மி இன்னைக்கே லிஸ்ட்டை ஃப்ரீஸ் பண்ணிப் பூட்டச் சொல்றாங்க. உங்க போனுக்கு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க." ரிஜிஸ்டர் பண்ணும்போது என் நம்பரைக் கொடுக்கச் சொன்னது நான்தான், என் நம்பருக்கு ராசி உண்டு என்று. சுகிர்தா வெள்ளிக்கிழமை உபவாசம். உபவாச நாளில் முடித்துவிட்டால் சமாதானமாம்.

ஆறு நம்பர் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வரல பாப்பா."

"இப்ப?"

"டவர் இல்ல."

மறுபடி அனுப்பினாள். வந்தது. வரல என்றேன். மூன்றாவதும் வந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக் கடையிலிருந்து பஜார் டீக்கடைக்கு வந்துவிட்டேன். ஒளிந்துகொள்கிறவன் டீ குடிக்க மாட்டான், ஆனால் கை எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் பெயர் ப.கா. பூட்டிவிட்டால் அந்தப் பிள்ளை மைக்கில் பாடம் கேட்கும், நான் சொன்ன ஒரு ஆளுக்காக.

அரை மணியில் ஷெரின் ஸ்கூட்டியில் வந்து நின்றாள். போலாரத்தில் என்னைக் கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் கஷ்டம் இல்லை.

"டவர் இல்லாத போன்ல ரிங் போகுது மாமா. ஏன் இப்படிப் பண்றீங்க?"

பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பாப்பா, தங்கராஜ்னு ஒருத்தர் இல்ல."

"இல்லன்னா? ரிசைன் பண்ணிட்டாரா?"

"பிறக்கவே இல்ல."

ஒரு மிலிட்டரி லாரி போனது. இரண்டு ஆட்டோ போனது. ஹெல்மெட் போட்ட முகத்தில் கண் மட்டும் தெரிந்தது.

"அந்த ஸ்டோன்?"

"அதும் இல்ல."

"மம்மி இஸ் ஃபாஸ்டிங் ஃபார் ஹிம் டுடே."

டீக்கடைக்காரர் கிளாஸை எடுக்க வந்தவர் எடுக்காமலே போய்விட்டார்.

திட்டுவாள் என்று பார்த்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "சரி. ரெண்டு காலேஜ்லயும் என்ன பார்த்தீங்க? வித் யுவர் ஓன் ஐஸ். மைண்ட்லேர்ந்து ஒண்ணும் நக்கோ, வேணாம்."

"ப.கா.வுல இருபத்திரண்டு பஸ்."

"எண்ணுனீங்களா?"

"பத்தொன்பது."

எழுதினாள். சிலந்தி வலை, பேட்டரிப் பெட்டி, ஆறு பேர், சிவப்பு மைக் கோடு, சர்டிபிகேட் பீரோ, மைக். அப்புறம் ச.கா.: பந்தல், காரை, பாத்ரூம், வாத்தியார் இல்லாத இரண்டு ரூம், போர்டு நிறைய எழுதிய மேடம், டிசம்பர். ஒவ்வொன்றுக்கும் "ஷூரா?" என்றாள். வாழ்க்கையில் எந்த இன்ஸ்பெக்டரிடமும் நான் இப்படி வேர்த்ததில்லை. டிரைவிங் டெஸ்ட்டில்கூட இல்லை.

எல்லாம் எழுதி முடித்துவிட்டு நோட்டைப் பார்த்தபடி இருந்தாள். "என் ரேங்க்குக்கு இது ரெண்டுதான் மாமா. மத்ததெல்லாம் இதவிட மோசம். நான் முடிக்கறதுக்குள்ள ரெண்டு இடத்துலயும் யாருமே இல்லன்னா?"

டீக்குக் காசை எடுத்துப் பெஞ்சில் வைத்தேன்.

"மம்மிகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.


ஜூலை 12, சனி

விடியும்போதே மழை. பி.பி. பார்க்கவில்லை, பார்த்து என்ன ஆகப் போகிறது.

எட்டு மணிக்கு சுகிர்தா வீடு. எஸ்தரும் கூடவே வந்தாள், கூப்பிடவில்லை, தானாக வந்தாள். சுகிர்தா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். நாசரேத், சாயர்புரம், டீ, கல், வாசலில் நின்று பேசிய போன், எல்லாம். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்போ நான் யாருக்காக ஜெபிச்சேன் அண்ணே?"

எஸ்தர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நார் எடுக்க ஆரம்பித்தாள்.

"நான் சுட்ட முறுக்கு?"

"ஒரு சாருக்குக் குடுத்தேன். நெசமான சாரு. லீவுல அனுப்பிட்டாவ, சர்டிபிகேட் கேட்டு வந்து நின்னாரு."

"அவிய பேரு என்ன?"

கேட்கவில்லை. இல்லாத மனுஷனுக்குப் பெயர், ஊர், மனைவி, இரண்டு பையன்கள், சிறுநீரகத்தில் கல் எல்லாம் கொடுத்தேன். எதிரில் நின்ற மனுஷனிடம் பெயர் கேட்கத் தோன்றவில்லை. கழுத்தில் அட்டை தொங்கியது, படித்திருக்கலாம்.

"தெரியாது," என்றேன்.

பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து, "அண்ணி, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள். அண்ணியைத்தான். என்னை இல்லை.

மாலை.

ஐந்து மணிக்கு நான்கு பேரும் ஷெரினின் லேப்டாப் முன்னால். மச்சான் மஸ்கட்டிலிருந்து போனில். ஸ்பீக்கரில் முதல் கேள்வி: "டேனியல் மச்சான் என்ன சொல்லுதாரு?" சுகிர்தா, "அவிய ஒண்ணும் சொல்லல. பிள்ளைதான் சொல்லுதா," என்றாள்.

ஷெரின் நோட்டைத் திறந்து வாசித்தாள், அவள் அப்பாவுக்காக. சிலந்தி வலை வரைக்கும் ஒன்று விடாமல். இப்படி ஒருவர் வாசிக்கக் கேட்டால் நான் பார்த்தது எவ்வளவு கொஞ்சம் என்று தெரிகிறது. வாசித்துவிட்டு ச.கா.வை முதலில் ஏற்றினாள். ப.கா.வை எடுக்கவில்லை, இரண்டாவதில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "சீட்டே இல்லாம போனா மாமா?" என்றாள். சுகிர்தா அவள் முதுகில் கையை வைத்தாள்.

ஐந்து முப்பதுக்கு சைட் சுற்றிக்கொண்டே நின்றது. ஊரே இப்போதுதான் பூட்டுகிறது போல. சுகிர்தா கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். ஐந்து நாற்பத்தைந்து, மறுபடி சுற்றியது. எஸ்தர் என் கையைப் பிடித்திருந்தாள், அல்லது நான் அவள் கையை.

ஐந்து ஐம்பத்திரண்டு. ஓ.டி.பி. என் போனில் விழுந்தது. ஆறு நம்பரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு ஷெரின் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, அந்த மேடம் டிசம்பருக்கு அப்பறம் இருப்பாங்களா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பதில் வாயில் ரெடியாக வந்து நின்றது, யுனிவர்சிட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரிய ஆபீசர் இருக்கிறார் என்று. பெயர்கூட வந்துவிட்டது.

"தெரியல பாப்பா."

"நெக்ஸ்ட் இயர்?"

"தெரியல."

அழுத்தினாள்.